மீசையில்லாத அம்மாக்கள்

மாற்றுக் கல்வி பற்றித் தமிழில் வாசிக்கத் தொடங்கும் எவர் கைக்கும் முதலில் வந்து சேரும் புத்தகம் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. கல்வியியல் மாணவிகளுக்கும் புதிதாகத் தாயானவர்களுக்கும் இதைப் பரிசாகத் தருவது வழக்கமாகிவிட்டது. நானே பலருக்குத் தந்திருக்கிறேன், இனியும் தருவேன். ஆனால் பெண்கள் சேர்ந்து வாசிக்கும்போது அதில் இரண்டு காட்சிகளில் நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

டோமோயி பள்ளியின் மதிய உணவு பற்றிய அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்தது. கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்பது தலைமையாசிரியர் கோபயாஷியின் ஏற்பாடு. அலங்காரமில்லாத அழகான விதி அது. எந்தக் குழந்தையின் டப்பாவில் எது குறைகிறதோ அதைத் தருவதற்கு ஒருவர் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, கைக்கொரு பாத்திரமாக, கூடவே வருகிறார். தலைமையாசிரியரின் மனைவி. விதி அவருடையது, பாத்திரங்கள் இவருடையவை. இன்னொரு அத்தியாயத்தில் பக்கத்து வயலில் வேலை செய்யும் ஒரு விவசாயியைக் கூட்டிவந்து, இவர்தான் உங்கள் விவசாய ஆசிரியர் என்று அறிமுகம் செய்கிறார் கோபயாஷி. அந்த மனிதர் நான் ஆசிரியரெல்லாம் இல்லை என்று கூச்சப்பட்டாலும் விடுவதில்லை. உழைப்பவரை ஆசிரியர் என்று அழைக்கும் அந்த இடத்தில் எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் இரண்டு பாத்திரங்களோடு தினமும் நடந்தவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. கடைசிவரை அவர் மனைவிதான்.

வகுப்பாசிரியை வரும் இடம் இன்னும் கூர்மையானது. மனிதருக்கு ஒரு காலத்தில் வால் இருந்தது என்ற பாடத்தின்போது, உடல் வளர்ச்சி நின்றுபோன தாகாஹாஷியிடம் உனக்கு வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் அவரைச் சமையலறையில் வைத்துக் கண்டிக்கிறார். மற்றவர்கள் முன்னால் அல்ல, தனியாக. கோபயாஷி செய்தது சரி. என் கேள்வி அதுவல்ல. இத்தனை பக்கங்களில் அந்த ஆசிரியையைப் பற்றி வாசகி மனத்தில் தங்குவது அவர் திட்டு வாங்கி அழுத குரல் மட்டும்தான். அவர் யார், எங்கே படித்தார், சாதாரணப் பள்ளியை விட்டு ரயில்பெட்டி வகுப்பறைக்கு ஏன் வந்தார்? கோபயாஷி ஐரோப்பாவுக்குப் போய் டால்குரோஸிடம் தாளக் கல்வி பயின்றது நமக்குத் தெரியும். நூலின் முடிவில் வகுப்புத் தோழர்கள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள் என்பதும் தெரியும். ஆசிரியைகளுக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.

குழந்தையின் கண்ணால் எழுதிய புத்தகத்திடம் இதைக் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம். ஏனென்றால் பெரியவர்கள் எழுதிய புத்தகங்களிலும் இதுதான் நடக்கிறது. 'சம்மர்ஹில்' என்றால் ஏ.எஸ். நீல். அவருடைய முதல் மனைவி அந்தப் பள்ளியைத் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நடத்தியவர். இரண்டாம் மனைவி ஈனா, 1973இல் நீல் இறந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியைத் தாங்கியவர். அவர்களின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கல்வியியல் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்கு இன்னும் அருகில் இருக்கும் கதைக்கு வருகிறேன். குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி என்ற பள்ளி. ஜிஜுபாய் பதேகா அங்கே 1916இல் வந்து சேர்ந்தார், 1920இல் பாலமந்திர் தொடங்கினார். அவருடைய 'திவாஸ்வப்னா', 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்து ஆசிரியர்கள் பலரின் மேசையில் இருக்கிறது. ஜிஜுபாய் வந்த பாதை எல்லோரும் விரும்பிச் சொல்லும் பாதை. வழக்கறிஞர். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பியவர். மகன் பிறந்ததும் குழந்தைக் கல்வி பற்றி யோசிக்கத் தொடங்கி, வக்கீல் தொழிலை விட்டுப் பள்ளிக்கு வந்தார். குஜராத்தில் அவருக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: மீசை வைத்த அம்மா.

அந்தப் பெயரை முதலில் கேட்டபோது சிரித்தேன். அன்பான பெயர்தான். ஆனாலும் மீசையுள்ள ஒருவர் அம்மாவானால் அது பட்டம், மீசையில்லாதவர் அம்மாவாக இருந்தால் அது இயற்கை. இயற்கைக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அதே பள்ளிக்கு 1923 வாக்கில் ஒரு பெண் வந்து சேர்ந்தார். தாராபாய் மோடக். 1892இல் மும்பையில், பிரார்த்தனா சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர். 1914இல் பட்டம் பெற்றவர், அந்தக் காலத்தில் அது எத்தனை அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. அமராவதியில் ஒரு வழக்கறிஞரை மணந்தார், 1921இல் மணமுறிவு. ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வர் பொறுப்பு. அங்கிருந்துகொண்டு பாவ்நகரில் நடக்கும் வேலையைப் பற்றி அறிந்து, பதவியை விட்டுவிட்டுப் போனார்.

இந்த இரண்டு பாதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜிஜுபாய் விட்டது வக்கீல் தொழில். தாராபாய் விட்டது முதல்வர் நாற்காலி. இரண்டும் துறப்புதான். ஆனால் தாராபாயைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் மணமுறிவு முன்னே வந்து நிற்கிறது, அதன் நிழலில் பள்ளி. குடும்பம் போனது, ஆகவே குழந்தைகளிடம் வந்தார் என்று ஒரு 'ஆகவே' தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆண் ஒன்றை விட்டுவிட்டு வருகிறான், பெண்ணை ஏதோ ஒன்று விட்டுவிட்டதால் அவள் வருகிறாள். நம்மூர் மாற்றுப் பள்ளிகளின் அறிமுகக் கையேடுகளைப் புரட்டினாலும் இந்த இலக்கணம் தப்பாது. மென்பொருள் வேலையை உதறியவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் என்று ஆண்களுக்கு வினைச்சொற்கள் துடிப்பாக இருக்கும். பெண்களுக்கு 'குழந்தைகள் மீது கொண்ட அன்பினால்'. ஆயாவுக்கும் சமையல் செய்பவருக்கும் அந்தப் பக்கத்தில் இடமே இருக்காது. முதுகலை முடித்து இப்படியொரு பள்ளிக்கு விண்ணப்பம் எழுதிய என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "கல்யாணமாகி அஞ்சு வருஷம் வீட்லதான் மேம் இருந்தேன், மாமியார் படுத்த படுக்கை, ரெண்டு பிள்ளை. அத எந்தக் காலத்துல எழுதுறது?" முன் அனுபவம் என்ற கட்டத்தில் எழுது என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

தாராபாய் 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கேதான் அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். 1910இல் பிறந்த அனுதாய்க்குப் பதின்மூன்று வயதில் திருமணம், ஆறு மாதத்துக்குள் கணவர் இறந்துபோனார். இந்த ஒரு வரியை எழுதியதும் வாசகிக்கு மீதிக் கதை தெரிந்ததுபோல் ஆகிவிடும் என்பதுதான் சிக்கல். மீதிக் கதை வேறு. ஆசிரியர் பயிற்சி முடித்து, கிராமப் பள்ளியில் வேலை பார்த்து, பிறகு புனேயில் பல ஆண்டுகள் கற்பித்து, இரவுப் பள்ளியில் படித்து 1937இல் மெட்ரிகுலேஷன் தேறியவர். போர்டிக்கு வரும்போது முப்பத்தைந்து வயது, கையில் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வகுப்பறை அனுபவம். ஐம்பதை ஒட்டிய வயதில் பட்டமும் வாங்கினார். கைம்பெண் சேவைக்கு வந்தார் என்று சொல்வதும், அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் தன் அடுத்த வேலையைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதும் ஒரே ஆளைப் பற்றியவைதான். எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய உழைப்பின் விலை மாறிவிடுகிறது.

அந்த அனுபவம் என்ன செய்தது என்று பார்க்கலாம். போர்டியில் பாலவாடி தொடங்கினார்கள், ஏழைக் குழந்தைகள் வரவில்லை. வராவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று குடியிருப்பின் முற்றத்திலேயே நடத்தினார்கள். அங்கன் என்றால் முற்றம், அங்கன்வாடி. பிறகு 1957 வாக்கில் கோஸ்பாட் குன்றுக்குப் போய் வார்லி ஆதிவாசிகளிடையே வேலை. அங்கே பெரிய குழந்தைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள். சரி, மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி. சிறுமிகள் பள்ளிக்கு வராததற்கு இடுப்பில் இருக்கும் தம்பி தங்கைதான் காரணம் என்று கண்டார்கள். குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் சேர்த்து, கைக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டு அக்கா வகுப்புக்குப் போக வழி செய்தார்கள். விகாஸ்வாடி என்று அதற்குப் பெயர்.

மாண்டிசோரி முறையை நன்றாகப் படித்த எவரும் சாதனங்களை உள்ளூர்ப் பொருள்களில் செய்துவிடலாம். இடுப்பில் இருக்கும் குழந்தையைக் கல்விப் பிரச்சினையாகப் பார்க்க வேறொரு படிப்பும் வேண்டும். அது பெண் என்பதால் தானாக வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் 'இயற்கை'க்குத்தான் போய்ச் சேருவோம். பதின்மூன்று வயதில் படிப்புக்கு வெளியே தள்ளப்பட்டு, இரவுப் பள்ளி வழியாகத் திரும்பி வந்த ஒருவருக்குக் கதவு எங்கே அடைக்கிறது என்று தெரியும். அது அவர் கற்ற பாடம். தகுதி என்ற சொல்லுக்குள் அடங்க வேண்டிய பாடம்.

முற்றம் என்ற இடத்தைப் பற்றி ஒரு சொல். நம்முடைய பழைய பள்ளி திண்ணைப் பள்ளி. திண்ணை தெருவைப் பார்த்தது, ஆண்கள் உட்காரும் இடம், ஆண்பிள்ளைகள் படித்த இடம். முற்றம் உள்ளே இருப்பது, பெண்கள் புழங்குவது. அங்கணம் என்ற சொல்லுக்குத் தமிழிலும் முற்றம் என்ற பொருள் உண்டு. ஆனால் தென்மாவட்டங்களில் அங்கணம், அங்கணக்குழி என்றால் பாத்திரம் கழுவுகிற, தண்ணீர் வடிகிற இடம். பெண்கள் வேலை செய்யும் இடத்தின் பெயர் எப்படி வடிகாலில் போய் முடிகிறது என்பதை அகராதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சொல்லுக்கு நேர்ந்தது அந்தப் பள்ளிக்கும் நேர்ந்தது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அங்கன்வாடி என்ற பெயர் நாடு முழுவதுக்கும் போனது. ஒரு மாற்றுப் பள்ளியின் கண்டுபிடிப்பு இவ்வளவு பெரிதாகப் பரவியதற்கு இந்தியாவில் வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதன் ஆசிரியைக்கு ஆசிரியை என்ற பெயர் போகவில்லை. பணியாளர் என்றார்கள். சம்பளம் என்ற சொல்லும் போகவில்லை, மதிப்பூதியம் என்றார்கள். மதிப்பும் ஊதியமும் சேர்ந்திருக்கும் சொல்லில் இரண்டுமே குறைவாக இருப்பது விந்தை. தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தந்தார்கள். எத்தனையோ வீடுகளில் அதனால்தான் உலை ஏறியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதேசமயம் ஒரு பெண்ணின் இழப்பே அவளுடைய தகுதிச் சான்றிதழானால், அவளுக்குக் கொடுப்பது கூலியா ஆதரவா என்ற குழப்பத்தைக் கொடுப்பவர்கள் வசதியாகவே வைத்துக்கொள்வார்கள்.

தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் கிடைத்தது, அனுதாய்க்கும் பின்னாளில் பத்மஸ்ரீ. விருதுகளில் குறையில்லை. 'தொண்டுள்ளம்', 'தியாகம்', 'அர்ப்பணிப்பு' என்று பாராட்டுச் சொற்களிலும் குறையில்லை. தியாகம் என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அப்புறம் விடுப்பு, ஓய்வூதியம், வேலை நேரம் பற்றிப் பேசுவது அநாகரிகமாகிவிடும். மாற்றுப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் தனியாகப் பேசினால் இது தெரியும்: குழந்தைகளுக்கு அத்தனை சுதந்திரம் பேசும் இடத்தில், ஊதிய உயர்வு கேட்பதற்குத்தான் வார்த்தை வராது.

அனுதாய் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பு 'கோஸ்பாட்ச்யா டேக்டிவரூன்', அதாவது கோஸ்பாட் குன்றிலிருந்து. கணவரின் மரணத்திலிருந்தோ, சேவையிலிருந்தோ அல்ல. தான் வேலை பார்த்த இடத்தின் பெயரை வைத்தார்.

2022 ஏப்ரலில் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் முறையான ஊழியர்களே அல்லர் என்பது எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று. வழக்கு போன மாநிலம் குஜராத்.