பேரிளம்பெண்ணுக்குப் பின்

உலா நூல்கள் மகளிர் பருவத்தை ஏழாகப் பகுக்கும். பேதையில் தொடங்கும் அவ்வரிசை, பாட்டியல் கணக்கின்படி 40 வயதுப் பேரிளம்பெண்ணோடு முடிகிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் இவ்வெழுவரே சோழனைக் கண்டு காதலுறுகின்றனர். காதலுறும் அகவை கழிந்ததும் பெண்ணைப் பற்றிய கணக்கும் கழிந்துவிடுகிறது. களத்தில் மகனை இழந்த முதியவளைப் புறநானூறு போற்றுகிறது. ஆயினும் தாயாகவே போற்றுகிறது.

மாதவிடாய் பெரும்பாலோர்க்கு 45 முதல் 55 வயதுக்குள் நிற்கிறது. அப்போது எழும் உடற்கொதிப்புக்கும் உறக்கமின்மைக்கும் உலாவில் இடமில்லை. இலக்கியம் பேசாததை இல்லமும் பேசுவதில்லை. தமிழிலேயே சொல்லக் கூசுவதை நம் மகளிர் அயல்மொழி மருத்துவரிடம் எங்ஙனம் விளக்குவர்? 'வயதானால் அப்படித்தான்' என்று நாம் ஒதுக்குவது முறையன்று. ஹார்மோன் சிகிச்சை அனைவர்க்கும் ஒவ்வாதெனினும், மருத்துவர் ஆய்ந்து அளிக்கத்தக்க வழிகள் உள. எட்டாம் பருவத்தைப் பாடப் புலவர் வரட்டும்; அதற்குமுன் மருத்துவமனைக்கு உடன்செல்லக் கணவரும் மக்களும் முன்வருதல் வேண்டும்.