அயோனியக் கடலில் கூட்டுப் பாய்மரப் பயணம்

கிரேக்கத்தின் மேற்குக் கரையோரம் லெஃப்கடா, இதாகா, கெஃபலோனியா முதலிய தீவுகளைச் சூழ்ந்துள்ள அயோனியக் கடல், பாய்மரப் படகோட்டத்திற்குப் புதியவர்களுக்கு மிகவும் உகந்தது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதோடு, கோடையில் 'மாய்ஸ்ட்ரோ' எனப்படும் வடமேற்குக் காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னரே வலுப்பெறுகிறது. பல படகுகள் வழிகாட்டிப் படகொன்றின் பொறுப்பில் தீவு தீவாகச் செல்லும் 'ஃபுளோட்டில்லா' என்னும் கூட்டுப் பயணத்தில், காலைதோறும் அன்றைய காற்று, பாதை, ஆழமற்ற இடங்கள் ஆகியவை விளக்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு படகும் தன் போக்கில் பிரிந்து செல்கிறது. துணையும் தனிமையும் ஒருங்கே வாய்க்கும் இச்சுதந்திரமே இம்முறையின் தனி அழகு.

ஆயினும் படகோட்டக் கலையின் நுட்பம் முழுமையாக வெளிப்படுவது மாலையில், படகின் பின்புறத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டும் வேளையில்தான். துறைமேடைக்கு மூன்று நான்கு படகு நீளம் தள்ளி, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நங்கூரத்தை இறக்கி, சங்கிலி சீராக ஓடியிறங்கப் படகைப் பின்னோக்கிச் செலுத்துகையில், காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் கரைக்கு வீசப்படுகிறது. மற்றக் கயிறும் கட்டப்பட்ட பின் சங்கிலியைச் சற்றே இழுத்து இறுக்கினால், படகு மேடையில் இடிக்காமல் சிறு இடைவெளியில் நிலைகொள்கிறது. புதியவர் வீசிய கயிறு குறி தவறி நீரில் விழுந்தாலும், அதை எடுத்துக் கட்டப் பக்கத்துப் படகினர் ஓடி வருவது இப்பயணங்களின் எழுதப்படாத மரபு.