பார்த்தீனியத்துக்கு உப்பா?

பார்த்தீனியம்னாலே எல்லாரும் சொல்ற யோசனை: லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் உப்பு கலந்து தெளிங்க. செஞ்சிக் கோட்டைக்குப் போற சாலையோரத்துக்கு அது சரி. வீட்டுக் கொல்லையில் தெளித்தால் செடி கருகும். ஆனா உப்பு மண்ணில் தங்கி, அடுத்து வைக்கிற கத்தரியையும் கெடுக்கும்.

கேரட் இலை மாதிரி இலை, பொடிப்பொடியா வெள்ளைப் பூ, இதுதான் அடையாளம். பூக்கிறதுக்கு முன்னாடி, மழை பெய்து மண் ஈரமா இருக்கும்போது வேரோட பிடுங்கணும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூட ஒரு துணி அவசியம். செடியிலுள்ள பார்த்தினின் தோல் அரிப்பைத் தரும்; மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்து முற்றியதை உலுக்காமல் சாக்கில் கட்டுங்க. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கொல்லையில் முளைச்ச பத்துச் செடிக்கு உப்பு மூட்டை எதுக்கு?