ஸ்ட்ரோக் கூட்டும் கலை: நம் பட்டறைப் பரம்பரைகளும் தரமும்

நம் சங்கத்தின் இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் எழுதியிருந்தார்கள். பின்னாலேயே சங்கத் தலைவர் அண்ணாச்சியும் போனில் அழைத்து, "ஹெரால்டுக்கு ஸ்ட்ரோக் கூட்டுன விஷயம் இல்லாம மலர் வரப்படாது, நீரு எழுதும்" என்றார். அவர் சொன்னால் மறுப்பு ஏது? ஸ்ட்ரோக் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் தூரம், அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க். நம் உறுப்பினர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினுக்குக் கூடுதல் பலம் சேர்ப்பதில் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் வளர்ந்தன என்பது என் கணிப்பு. முதலாவது சென்னை வழி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரமே அதன் பள்ளிக்கூடம். அங்கே பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் திறக்கும் வரை சோழவரத்தில்தான் ஃபியட்டும் ஹெரால்டும் மோதிக்கொண்டன. நேரான ஓடுதளத்தில் வேகம்தான் கணக்கு. அதனால் அவர்கள் கவனமெல்லாம் சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் மேல். போர்ட்டைப் பெரிதாக்குவது, வால்வ் சீட்டைச் செதுக்குவது, கேமை மாற்றுவது, எஞ்சினை நிமிடத்துக்கு இன்னும் ஆயிரம் சுற்று மேலே ஏற்றுவது. ஹெட் வேலையில் அவர்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் கிராங்கில் கை வைக்க அவர்கள் தயங்கினார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது கோவை வழி. வார்ப்படமும் லேத்தும் பம்புசெட்டும் நிறைந்த ஊர் அது. பேட்டர்ன் செய்வதில் தொடங்கி ஃபினிஷிங் வரை ஒரே தெருவில் முடித்துவிடுவார்கள். பந்தயக் கார்களைக் கட்டிய கரிவர்தன் அந்த மண்ணில் வந்தவர். மாருதியின் 796 சி.சி. எஞ்சினை வைத்து அவர் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியதால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பையனும் ஒற்றை இருக்கைக் காரில் உட்கார முடிந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தது நமக்கெல்லாம் பேரிழப்பு. செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட தடத்துக்கு அவர் பெயர் வைத்தது மிகப் பொருத்தம். எல்லா எஞ்சினும் ஒரே அளவில் இருக்க வேண்டும், வெற்றி ஓட்டுபவன் கையில் இருக்க வேண்டும் என்பது கோவையின் கொள்கை. சீரான அளவை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

மூன்றாவது எங்கள் வழி. தென்காசிப் பக்கத்து அச்சன்புதூரில் இருந்துகொண்டு இதைப் பரம்பரை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம்.

தென்காசி, செங்கோட்டை தாண்டினால் புளியரை. அதற்கு மேல் ஆரியங்காவு கணவாய். இந்தப் பாதையில் ஆறாயிரம் சுற்றில் கிடைக்கும் குதிரைச் சக்தியால் ஒரு பயனும் இல்லை. வளைவில் வேகம் குறைந்து, இரண்டாயிரம் சுற்றில் மூச்சுத் திணறும்போது இழுக்க வேண்டும். குற்றால சீசனில் குடும்பத்தோடு, சாமான்களோடு வந்த சின்னக் கார்கள் மலையேற முடியாமல் ஓரங்கட்டி நின்று ஆவி விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பட்டறை மேஸ்திரியும் அதைப் பார்த்தவர்தான். சென்னைக்காரர் மேலே தேடிய பலத்தை அவர் கீழே, கிராங்கில் தேடினார்.

அவர் கையில் இருந்தது ஹெரால்டு. பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் தயாரித்த வண்டி. அதன் வம்சத்தை ஒருமுறை நினைவூட்டுவது நல்லது, இளைய உறுப்பினர்களில் பலர் அதைக் குடும்பக் கார் என்றே நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 1962இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி அதன் மேல் கட்டியதுதான். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிகேலாட்டி. எஞ்சினும் ஒரே வம்சம். 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட்டில் 58 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக், 803 சி.சி. எனப் பிறந்தது. பிறகு போர் 63 ஆனபோது 948, 69.3 ஆனபோது 1147, 73.7 ஆனபோது 1296. இவ்வளவு வளர்ந்தும் ஸ்ட்ரோக் 76ஐ விட்டு நகரவில்லை. போருக்கு இனி இடமில்லை என்ற பிறகே 87.5 ஆக்கி 1493 சி.சி. எடுத்தார்கள். அதுவே ஸ்பிட்ஃபயர் 1500. ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் இதே கதை: 74.7 போரைத் தொடாமல், 76ஐ 95 ஆக்கியதும் 1998 சி.சி. எஞ்சின் 2498 ஆயிற்று. 1967இல் வந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.5இன் எஞ்சின் அதுதான். ஆக ஸ்ட்ரோக் கூட்டுவது ஏதோ பட்டறைக் குறுக்குவழி என்று பேசுபவர்கள், தொழிற்சாலையே அதைச் செய்து ஸ்போர்ட்ஸ் கார் விற்றது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

நமக்குக் கிடைத்தது 948 பிளாக் மட்டும். பெரிய போர் பிளாக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அந்த நாளில் வழியில்லை. இருக்கிற பிளாக்கில் அறுபது தௌ, அதாவது ஒன்றரை மி.மீ. போர் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் சிலிண்டர் சுவர் மெலியும். 1500இன் கிராங்க் கிடைத்தாலும் உட்காராது, மெயின் பேரிங் அளவே வேறு. மீதி இருந்த ஒரே வழி, உள்ள கிராங்கில் பிஸ்டனிலிருந்து வரும் ராட் பிடித்திருக்கும் பின்னை வெளியே தள்ளுவது.

மேஸ்திரி செய்த முறை இது. பிக் எண்ட் பின்னின் வெளிப்பக்கம் வெல்டிங் ஏற்றி, உள்பக்கம் தேய்த்து, மையத்தை 3 மி.மீ. நகர்த்துவார். ஸ்ட்ரோக் 6 மி.மீ. கூடும், 76 இருந்தது 82 ஆகும். 64.5 போரோடு சேர்த்துக் கணக்கிட்டால் 1072 சி.சி. வருகிறது. 948க்கு இது எட்டில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேறெங்கோ கடன் கேட்கும். பிஸ்டன் மேலே 3 மி.மீ. அதிகமாக ஏறும். எனவே ராடைப் பிஸ்டனோடு இணைக்கும் கஜன் பின்னுக்கு மேல் உயரம் குறைந்த பிஸ்டன் தேட வேண்டும், அல்லது ராடைக் குறைக்க வேண்டும். ராடைக் குறைப்பதை அவர் விரும்பமாட்டார். ராட் குட்டையானால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் அதிகம் அழுத்தும் என்பார். ராடின் அடிப்பகுதி பெரிய வட்டம் போடுவதால் கேமையும் பிளாக்கின் கீழ் விளிம்பையும் தொடுகிறதா என்று களிமண் ஒட்டி, கையால் சுற்றிப் பார்ப்பார். ஹெட்டைத் தொடாமல் விட்டால் எட்டாக இருந்த கம்ப்ரெஷன் விகிதம் ஒன்பதை நெருங்கிவிடும். அன்றைய சாதாரண பெட்ரோலுக்கு அது தாங்காது, மலையில் நாக்கிங் கேட்கும். அதனால் பிஸ்டன் தலையைக் குழித்து, ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவையும் பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்து சமப்படுத்துவார். அந்த பியூரெட் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கழித்துப் போட்டது.

சுற்று விஷயத்தில் அவர் கறார். 82 ஸ்ட்ரோக்கில் 5500 சுற்றுக்குப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். அதற்கு மேல் வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லி, டேக்கோமீட்டரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். நாலு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் அது. உயர்ந்த சுற்றில் நடுவே வளையும். பின்னை 3 மி.மீ. வெளியே தள்ளும்போது பின்னும் மெயின் பேரிங்கில் சுழலும் பகுதியும் ஒன்றின் மேல் ஒன்று படியும் அகலம் அதே 3 மி.மீ. குறைகிறது. கிராங்கின் உயிர் அந்தப் படிவில் இருக்கிறது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பின் உருளையும் அதன் பக்கவாட்டுச் சுவரும் சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்க வேண்டும். நாம் ரேடியஸ் என்று சொல்வது. அந்த மூலை கூர்மையாக இருந்தால் அழுத்தம் முழுவதும் அங்கே குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை வைரத்தால் வளைவாகச் சீவிக்கொண்ட பிறகே பின்னைத் தொட வேண்டும். எங்கள் மேஸ்திரி இதற்கென்று தகட்டில் வெட்டிய அளவுகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கில் முதலில் பார்ப்பது பின்னின் பளபளப்பையல்ல, அந்த மூலையை. நான் ஒருமுறை "சரியாத்தான் தெரியுது மேஸ்திரி" என்றேன். "கண்ணுக்குச் சரின்னா கண்ணுக்கு மட்டுந்தாம்ல சரி. தகடு வச்சுப் பாத்தியா?" என்றார். வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் தெரிந்தது. கிராங்க் திரும்பிப் போனது.

இன்றைய நிலைமை? யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. இன்றும் நல்ல கைகள் இருக்கின்றன, அவர்களில் சிலர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்மையில் ஒரு பெரிய நகரத்துப் பட்டறையிலிருந்து வந்த கிராங்கின் நான்கு பின்களிலும் மூலை கத்தி போல இருந்தது. கேட்டதற்கு, "பேரிங் உட்கார்ந்தா போதாதா சார்?" என்றார்கள். போதாது! அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் போக்கே தெரிகிறது. ரேடியஸை விட்டவன் ஆயில் துளையின் விளிம்பையும் மழுக்க மாட்டான். அவன் விரிசல் சோதனைக்குக் கிராங்கை அனுப்பமாட்டான். அவனிடம் பேலன்ஸிங் சீட்டைக் கேட்டால், போனில் ஒரு படம் அனுப்புவான். போர் எடுத்த சிலிண்டரின் மேலே, நடுவே, கீழே என்ன அளவு என்று கேட்டால் "ஸ்டாண்டர்டு அளவுதான்" என்பான். இப்படிக் கட்டிய எஞ்சினை வண்டியில் ஏற்றி, வெளியே பெயிண்டும் குரோமும் போட்டு, கண்காட்சியில் நிறுத்திப் பரிசும் வாங்கிவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்து பார்ப்பவர்கூட வால்வ் கவரின் பாலிஷைத்தான் பாராட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று நடுவரும் கேட்பதில்லை. சோழவரப் பந்தயத்தில் வைக்கோல் கட்டுக்கு நடுவே எஞ்சின் பொய் சொல்ல முடிந்ததில்லை. கண்காட்சிப் பந்தலில் அது எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அதைவிட வருத்தம், எழுதி வைக்கும் பழக்கம் போய்விட்டது. மேஸ்திரியிடம் நாற்பது பக்க நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. வண்டி எண், போர் அளவு, பேரிங் கிளியரன்ஸ், ரிங் இடைவெளி, டைமிங், எந்த மாதம் திரும்பித் திறந்தது, அப்போது பேரிங் எந்த நிறத்தில் இருந்தது, எல்லாம் பென்சிலில். சாரல் மாதத்தில் தேய்த்த கிராங்கை ஓர் இரவு எண்ணெய் தடவாமல் விட்டால் துரு பூக்கும் என்பதுகூட அதில் குறிப்பாக இருந்தது. தன் தவறுகளையும் அவர் மறைக்காமல் எழுதினார், எந்த எஞ்சின் எத்தனை மைலில் பிக் எண்ட் பேரிங்கைத் தின்றது என்று. இன்று அளவைக் கேட்டால் அது தொழில் ரகசியமாம். எழுதாத அளவு எப்படி ரகசியமாகும்? அது இல்லாத அளவு. அளவில்லாத இடத்தில் தொழில் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், எவ்வளவு பெரிய பெயர்ப்பலகை தொங்கினாலும் சரி.

கணினியில் வரைந்து, ஒரே இரும்புத் துண்டிலிருந்து கிராங்கைக் கடைந்து எடுக்கும் வசதி இன்று கோவையிலும் ஓசூரிலும் இருக்கிறது. மேஸ்திரிக்கு இது கிடைத்திருந்தால் வெல்டிங்கைத் தொட்டே இருக்கமாட்டார், அதன் ஆபத்து அவருக்குத் தெரியும். வெல்டிங் சூடு கிராங்கை வளைக்கும், பதத்தைக் கெடுக்கும், ஏற்றிய உலோகத்துக்குள் குமிழி ஒளிந்திருக்கும். வேறு வழியில்லாததால் செய்தார், செய்ததை மறுபடி நேராக்கி, மறுபடி சோதித்தார். இன்று வசதி எல்லாம் இருந்தும் சோதிக்க நேரமில்லை என்கிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சங்கத்தின் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் நம் கண்காட்சியில் பரிசுக்கு வரும் ஒவ்வொரு வண்டியோடும் எஞ்சின் அளவுச் சீட்டு ஒன்று கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். போர், ஸ்ட்ரோக், கிளியரன்ஸ், ரேடியஸ், பேலன்ஸிங், கட்டியவர் கையெழுத்து, இவ்வளவு போதும். உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலோ பட்டறையிலோ கிடக்கும் பழைய நோட்டுகளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் நகலெடுத்துத் திருப்பித் தரலாம். எங்கள் மேஸ்திரியின் நோட்டுகளை அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடு நானே கொண்டுவந்து தருகிறேன். மற்றவர்களும் கொண்டுவாருங்கள்.