ஏறியவரை இறக்குவது யார்?

அறுபதைத் தாண்டிய ஒருவர் கருவியைப் பூட்டிக்கொண்டு தென்னை ஏறும் காணொளி வாட்ஸாப்பில் வந்தால், கூடவே ஒரு வாசகமும் வந்துவிடும்: வயது வெறும் எண், மனம் இருந்தால் போதும். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் இதற்கு ரசிகர்கள் அதிகம். பணி ஓய்வு பெற்று, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கொல்லையில் நாலு தென்னையோடு குடியமர்ந்தவர்கள் நிறைந்த இடம் இது. காய் பறிக்க ஆள் வருவதில்லை, பொழுதும் போவதில்லை. முழங்கால் வலித்தாலும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாமே என்று தோன்றுவதில் வியப்பில்லை.

அந்த ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. தோளுக்கும் கைப்பிடிக்கும் மரமேறுதல் நல்ல வேலை கொடுக்கும். உச்சியிலிருந்து ராஜகோபுரத்தைப் பார்ப்பதில் ஒரு சுகமும் உண்டு. முதியவர் என்றாலே ஈஸிசேரில் கிடத்திவிடும் பிள்ளைகளுக்கு இது நல்ல பதிலடி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை 'மனம் இருந்தால் போதும்' என்ற வாதத்தோடுதான். அதற்குச் சான்றாக ஜப்பானைக் காட்டுகிறார்கள். தோஷிகோ ஹிகோசாகா என்ற பெண்மணி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், 2001-இல் கலிஃபோர்னியாவின் மாபெரும் செக்கோயா மரம் ஒன்றில் ஏறினார். உண்மைதான். ஆனால் அவர் ஏறியது மன உறுதியைப் பற்றிக்கொண்டு அல்ல, கயிற்றைப் பற்றிக்கொண்டு. பொழுதுபோக்காக மரமேறுதலை ஒரு முறையாக வகுத்தவர் பீட்டர் ஜென்கின்ஸ். அவர் 1983-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் அதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். அந்த முறையில் முதல் வேலை கயிற்றை உறுதியான ஒரு கிளைக்கு மேலே போடுவது. ஏறுவதற்கு முன் இரண்டு பேர் கயிற்றில் தொங்கி அந்தக் கிளை தாங்குமா என்று சோதிப்பார்கள். ஏறுகிறவர் இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டி, கயிற்றில் உட்கார்ந்தபடி, நழுவாத முடிச்சு ஒன்றை மேலே மேலே தள்ளிக்கொண்டு போவார். களைத்தால் கையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அந்த முடிச்சைத் தளர்த்தினால் மெல்லக் கீழே வந்துவிடலாம். கால் உதவாதவர் ஏற முடிந்ததற்குக் காரணம் இந்த ஏற்பாடும், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர்களும்தான்.

நம் ஊர்க் கருவியைப் பாருங்கள். கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் அப்பச்சன் என்கிற எம்.ஜே.ஜோசப் வடிவமைத்தது நின்று மிதித்து ஏறுவது. உட்கார்ந்து ஏறும் வகையும் இருக்கிறது. இரண்டுமே அருமையான கருவிகள்தான். மிதி வகையில் மரத்தைச் சுற்றி இரண்டு இரும்புக் கம்பி வளையங்கள் வரும். ஒரு காலில் எடையைப் போட்டால் அந்த வளையம் இறுகிப் பிடிக்கும். உடனே மறு காலைக் கருவியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அதாவது எந்த மூட்டு கெட்டுப்போயிருக்கிறதோ, முழுப் பாரமும் அந்த மூட்டின் மேலேயே விழுகிறது. இறங்கும்போதும் இதே மிதிதான். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடுமை என்பது மாடி வீட்டில் குடியிருக்கும் எந்த மூட்டுவலிக்காரருக்கும் தெரியும். தோஷிகோ அம்மையாரால் இந்தக் கருவியில் ஒரு முழம்கூட ஏறியிருக்க முடியாது. அப்புறம் அவரை எப்படி இதற்குச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்?

"மலைக்கோட்டைக்கே ஏறுகிறேன், மரம் ஏற மாட்டேனா?" என்று கேட்பவர்கள் உண்டு. உச்சிப் பிள்ளையாருக்கு நானூற்றுச் சொச்சம் படி. மூச்சு வாங்கினால் பாதியில் தாயுமானவரைச் சேவித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்ளலாம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். தென்னையின் பாதியில் தாயுமானவர் சந்நிதி இல்லை. நெட்டை மரம் 60 அடிக்கு மேலே போகும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவருக்கு நாற்பதாவது அடியில் தலை சுற்றினால், கண்புரை உள்ளவருக்கு மிதியின் தூரம் பிடிபடாமல் போனால், கீழே நிற்கும் மனைவியால் என்ன செய்ய முடியும்? தனி இடுப்புப் பட்டை போட்டிருந்தால் விழாமல் மரத்தோடு தொங்கலாம். அசையாமல் தொங்கிக் கிடப்பதும் ஆபத்துதான், கால்களில் இரத்தம் தேங்கிவிடும். தென்னைக்குக் கிளை கிடையாது, கீழிருந்து எறிந்த கயிற்றால் அவரை இறக்க வழியில்லை. இன்னொருவர் இன்னொரு கருவியோடு ஏறித்தான் ஆக வேண்டும். அந்த இன்னொருவர் கிடைக்கவில்லை என்பதால்தானே இவரே ஏறினார்!

கயிற்று முறையே வேண்டும் என்றால் தென்னையை விட்டுவிட்டு மா, புளி, ஆற்றங்கரை மருது என்று போகலாம். முருங்கை வேண்டாம், கிளை முறிந்தபிறகு மன உறுதி எதையும் ஒட்டவைக்காது. பழகியவர் ஒருவர் கீழே இருந்தால், 65 வயதில் பத்தடி உயரத்தில் ஊஞ்சல் போல உட்கார்ந்திருப்பதை நானே ஆதரிப்பேன். ஆனால் காணொளிக்கு அது பற்றாது. உயரமும் தனிமையும் இருந்தால்தான் கைதட்டல் விழுகிறது.

இந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பனையிலும் தென்னையிலும் காலில் தளைநார் மாட்டி ஏறியவர்களை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பது தெரிந்த கதை. 'மரமேறி' என்று சொன்னாலே வசவாக இருந்தது. நாற்பது, ஐம்பது நாளைக்கு ஒருமுறை கொல்லைக்கு வந்து, மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இடுப்பில் அரிவாளோடு வெறுங்காலில் ஏறுகிறவரிடம் 'பட்டை போட்டிருக்கிறாயா அப்பா?' என்று கேட்ட வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் அறுபது வயதாகியிருக்கும், அவருக்கும் முழங்கால் தேய்ந்திருக்கும். அவர் ஏறினால் கூலி வேலை, கொல்லைக்குச் சொந்தக்காரர் ஏறினால் சாதனை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் இளைஞர்களுக்குக் கருவியில் பயிற்சி தரத் தொடங்கியது. ஏறுபவர்களுக்கு விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. ஆபத்து இருப்பதை ஒப்புக்கொண்டு செய்த காரியம் அது. 'வயது வெறும் எண்' கூட்டமோ ஆபத்து என்ற சொல்லையே கோழைத்தனமாக்கிவிட்டது. மனம் இருந்தால் போதும் என்றால் விழுந்தவருக்கு மனம் போதவில்லை என்றுதானே பொருள்? இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் முதியவரிடம் போய் அதைச் சொல்வார்களா?

வேளாண் கண்காட்சிகளில் இந்தக் கருவியை இயக்கிக் காட்டும்போது பயிற்சி பெற்ற ஓர் இளைஞர் விறுவிறுவென்று ஏறி, காயைத் தட்டி, இறங்கிவிடுவார். சுற்றி நிற்கும் நரைத்த தலைகள் விலை கேட்கும். அடுத்த முறை அந்த இளைஞரை முப்பதடியில் மயங்கியவர்போல நிற்கச் சொல்லிவிட்டு, அவரைக் கீழே கொண்டுவருவது எப்படி என்று செய்து காட்டட்டும். விலையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.