விழும் உரிமை

1928 ஆகஸ்ட் 2 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. பெண்கள் தடகளத்தில் பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அது. அவர்களுக்குக் கிடைத்தவை மொத்தம் 5 போட்டிகள். அவற்றிலும் இந்த 800 மீட்டர்தான் மூச்சை நின்று அளக்கும் ஓட்டம். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவதாக வந்தார். 100 மீட்டரில் இறுதிக்குத் தகுதிபெறாமல் போன பிறகு, அதற்குமுன் போட்டியில் ஓடியே இராத தூரத்தில் இறங்கி வெள்ளி வாங்கியவர் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணும் அவரே.

இறுதியில் ஓடியவர்கள் 9 பேர். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் ஜான் டூனிஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் வாசகர்களுக்கு 11 பரிதாபமான பெண்களைக் காட்டினார். 5 பேர் பாதியில் விலகினார்கள், 5 பேர் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சரிந்தார்கள் என்று எழுதினார். ஓடாதவர்களும் அவர் எழுத்தில் ஓடினார்கள், விலகாதவர்கள் விலகினார்கள். இப்படி எழுதியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். பெண்ணுடலுக்கு இவ்வளவு தூரம் ஆகாது என்ற முடிவை முன்பே எடுத்துவைத்திருந்தவர்களுக்கு இத்தகைய செய்திகள் சாட்சியாயின. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 800 மீட்டரைப் பெண்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒலிம்பிக்கில் அது மீண்டும் இடம்பெற்றது 1960இல், ரோமில். இடையில் 32 ஆண்டுகள். 1932லும் 1936லும் ஒலிம்பிக்கில் ஒரு பெண் தனியாக ஓடக்கூடிய அதிகபட்சத் தூரம் 100 மீட்டர்தான்.

இந்தச் செய்தியை நான் ஒரு பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். தமிழ் படித்தவள் என்பதால் என் கைக்கு முதலில் வருவது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவதையும், அதைக் கண்டு அறிவதையும் பற்றிப் பேசும் பகுதி அது. இளிவரல் பிறக்கும் நான்கு இடங்களுள் வருத்தத்தையும் மென்மையையும் தொல்காப்பியர் சேர்க்கிறார். பெருமிதம் பிறக்கும் நான்கினுள் தறுகண்மையைச் சேர்க்கிறார். எட்டு மெய்ப்பாடுகளை மாணவிகளுக்கு நடத்தும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுண்டு. வியர்த்து, மூச்சிரைத்து, கால் தளர்ந்து நிற்கும் உடலில் நாம் காண்பது வருத்தமா, தறுகண்மையா? அதைத் தீர்மானிப்பது அந்த உடலா, அதைக் காணும் கண்ணா?

ஆம்ஸ்டர்டாமுக்கு 20 ஆண்டுகள் முன்பு, 1908 லண்டன் ஒலிம்பிக்கில், இத்தாலியின் டொராண்டோ பியட்ரி மாரத்தானின் கடைசிச் சுற்றில் மீண்டும் மீண்டும் விழுந்தார். திசை தவறினார். அதிகாரிகள் தாங்கிப் பிடித்து எல்லையைக் கடக்க உதவினார்கள். பிறர் உதவியோடு முடித்ததால் தகுதியிழந்தார். ஆனால் மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா அவருக்கு ஒரு கோப்பை வழங்கினார். வென்றவரைவிடத் தோற்றவரின் பெயரே உலகெங்கும் பரவியது. ஆணுடலுக்கு மாரத்தான் ஒவ்வாது, அதை நீக்குங்கள் என்று ஒரு விழுந்த ஆணைக் காட்டி முடிவெடுக்கவில்லை. ஆண் விழுந்தால் அது காவியம். பெண் விழுந்தால் அது மருத்துவச் சான்றிதழ். ஒருவன் விழுந்தபோது அவன் விழுந்தான். ஒருத்தி விழுந்தபோது பெண்ணினமே விழுந்தது.

இந்த வரலாற்றைத் திருத்தி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பதிலைச் சொல்கிறார்கள். படச்சுருளைப் பாருங்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள், சொன்ன அளவுக்கு யாரும் விழவில்லை என்கிறார்கள். பொய்யை அம்பலப்படுத்தும் அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடுவது எனக்குப் போதவில்லை. விழவில்லை என்று நிரூபிக்க முனையும்போதே, விழுந்திருந்தால் தடை நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம். அன்று களைத்துச் சாய்ந்தவர்கள் இருந்தார்கள். இருந்தால் என்ன? முதல் நாள் தகுதிச்சுற்று, மறுநாள் இறுதி என்று ஓடி, உலக சாதனை வேகத்தில் முடித்தவர்கள் புல்தரையில் சாயாமல் வேறு என்ன செய்வார்கள்? 800 மீட்டர் ஓட்டத்தின் இயல்பே அதுதான். முழு வேகத்தில் ஓட முடியாத அளவுக்கு நீளம். நிதானமாக ஓட முடியாத அளவுக்குக் குறுக்கம். இரண்டாவது சுற்றில் கால்கள் கனத்துப்போகின்றன, மூச்சு நெஞ்சுக்குள் நிற்பதில்லை. ஆணுக்கும் அப்படித்தான்.

பெண்ணின் களைப்பு உலகுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நாற்று நடவில், சலவையில், ஆலையில், பிரசவத்தில் களைத்த பெண்ணைக் கண்டு எந்தச் சம்மேளனமும் கூடி அவ்வேலைகளைத் தடைசெய்யவில்லை. பிறருக்காகக் களைப்பது கடமை. தனக்காக, ஒரு வட்டப் பாதையில், எல்லோரும் பார்க்கும்படி, தன் விருப்பத்தின் பேரில் களைப்பதுதான் பொறுக்கமுடியாததாக இருந்தது. பிரான்சின் ஆலிஸ் மில்லியா பெண்களுக்கென்றே சர்வதேசச் சம்மேளனம் தொடங்கி, 1922இல் பாரிஸில் தனிப் போட்டிகளை நடத்தியவர். அங்கே பெண்கள் 1000 மீட்டரும் ஓடினார்கள். ஆகவே 1928இல் புதிதாக வந்தது பெண்ணின் ஓட்டமன்று, ஒலிம்பிக்கின் பார்வைதான்.

இதை முடிந்துபோன கதையாக வாசிக்க முடியாததற்குக் காரணம், அதே 800 மீட்டரில் பின்னாளில் நடந்தவை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த தலித் குடும்பத்தில் பிறந்தவர். பாலினச் சோதனைக்குப் பிறகு அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து உட்கொண்டார் என்றோ, எவரையும் ஏமாற்றினார் என்றோ குற்றச்சாட்டு இல்லை. பிறந்த உடலோடு ஓடியதே குற்றமாயிற்று. 2009இல் பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 1 நிமிடம் 55.45 விநாடியில் வென்றபோது அவருக்கு வயது 18. அவருடைய உடல் குறித்த சோதனைச் செய்தி அவர் இறுதி ஓட்டத்தில் இறங்கும் முன்பே உலகத்தின் வாயில் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவை மருந்தால் குறைத்தாலொழிய இத்தகைய உடல்கொண்ட பெண்கள் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களில் பங்கேற்க முடியாது என்ற விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. செமென்யா மருந்தை மறுத்தார். அவ்வாண்டு உலகச் சாம்பியன்ஷிப் நடந்த நகரம் அதே தோஹா. 800 மீட்டரில் அவர் இல்லை. 2023இல் அந்தக் கட்டுப்பாடு எல்லாத் தடகளப் போட்டிகளுக்கும் விரிந்தது.

பெண்கள் பிரிவு நியாயமாக இருக்க ஒரு வரையறை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் பெண்களின் எதிரிகள் அல்லர். கூட ஓடித் தோற்றவர்களின் ஆதங்கமும் பெண்களின் ஆதங்கம்தான். அந்த விவாதத்தை அறிவியலும் நீதியும் சேர்ந்து நடத்தட்டும். நான் விமர்சகராகச் சொல்வது, அந்த விவாதம் தொடங்கும் இடத்தைப் பற்றி. 1928இல் பார்வையாளர் ஓடிமுடித்த பெண்ணைப் பார்த்து, இவள் களைத்துவிட்டாள், இவள் ஓடக் கூடாது என்றார். 2009இல் அதே இடத்தில் நின்று, இவள் களைக்கவே இல்லை, இவள் பெண்தானா என்றார். விழுந்தால் பலவீனம், நின்றால் சந்தேகம். இரண்டுக்கும் நடுவே விட்டுவைத்திருக்கும் ஒடுங்கிய பாதையில்தான் பெண் ஓட வேண்டும். வெல்லவும் வேண்டும், வெல்லும்போது பார்ப்பவரின் கற்பனையைக் கலைக்காமலும் இருக்க வேண்டும். அந்தப் பாதை ஒருத்திக்கு எவ்வளவு ஒடுங்கும் என்பதை அவள் பிறந்த சாதியும் நிறமும் ஊரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஆகவே விளையாட்டுச் செய்தியை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். வினைச்சொற்களை விட்டுவிட்டு அடைமொழிகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். அவள் ஓடினாள், முந்தினாள், முடித்தாள் என்பவை அவளுடையவை. பரிதாபமாக, அழகாக, ஆண்போல என்பவை எழுதியவருடையவை. ராட்கேயும் ஹிதோமியும் சாந்தியும் செமென்யாவும் ஓடியது வினைச்சொற்களில். அவர்களைத் தண்டித்தது அடைமொழிகள்.