புகழ்மொழியில் அமைந்த எள்ளல்

செல்வர் கூடும் விருந்துகளை நகையாடும் பாட்டுக்கள் மேனாட்டு இரவுக் கேளிக்கை மன்றங்களிற் பல எழுந்தன. பெரும்பாலானவை பாடிய இரவோடு மறைந்தன. ஆங்கில நாடகாசிரியர் நொயல் கவார்ட் (1899–1973) இயற்றிய ‘அற்புதமான விருந்தொன்றுக்குச் சென்றேன்’ என்னும் பாட்டு மறையவில்லை. 1939 சனவரியில் நியூயோர்க் அரங்கொன்றில் பியாட்ரிஸ் லில்லி என்ற நகைச்சுவை நடிகை இதனைப் பாடினார்.

பாட்டின் களம் பிரான்சின் தென்கடற்கரை. தான் கண்டவற்றை ஒரு சீமாட்டி விவரிக்கிறாள். உரோமாபுரிப் பேராலயத்தின் வண்ணக் கற்றுண்டுகளாலான சீப்பைச் சூடிவந்த ஒருத்தி, பாரந் தாங்காது வீடு திரும்புகிறாள். முதுமையை மாண்புடன் ஏற்பது எங்ஙனம் என்று பேச்செழுகிறது. 74 வயது மூதாட்டி தன் கொள்கையைக் கூறிவிட்டுக் கண்ணாடிச் சரவிளக்கிலே தலைகீழாகத் தொங்குகிறாள். இத்தனையுஞ் சொல்லியபின், தனக்கு இதனினும் மேலான இன்பமில்லை என்ற பொருள்படவே ஒவ்வொரு பகுதியையும் அவள் முடிக்கிறாள்.

இதனை வஞ்சப்புகழ்ச்சி என நாம் எளிதிற் கூறிவிடலாம். ஆயின், தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்த ஔவையார் தாம் பழிப்பதை நன்கறிவார். கவார்ட்டின் சீமாட்டியோ அறியாள், உண்மையாகவே மகிழ்கிறாள். கவிஞர் புகழுரைக்குட் பழியை ஒளித்துவைத்தாரல்லர். புகழ்பவளையே பழிக்குச் சான்றாக நிறுத்திவிட்டார். இந்நுட்பமே பாட்டின் உயிர் என்பது என் துணிபு.

எள்ளப்பட்டோரே காசு கொடுத்துக் கேட்டுக் கைதட்டினரெனின் அஃது எள்ளலாகுமோ என வினவுவாருளர். வினாவில் நியாயமுண்டு. பியானோ விற்பனையாளரின் மைந்தராகப் பிறந்த கவார்ட், தம் திறமையால் அவ்விருந்துகளுள் நுழைந்தவர். வாயில் அடைபடுமாறு அவர் எதுவுஞ் சொல்லவில்லை. விளக்கேற்றியோரும் கிண்ணங் கழுவியோரும் பாட்டில் இல்லை. இது பெருங்குறையே.

எனினும் ஓரிடத்திற் பாட்டு ஆழஞ் செல்கிறது. இக்கூத்துக்களைக் காண்பார்க்குக் கிப்பன் எழுதிய உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாறும் அற்பமாகத் தோன்றும் என்கிறாள் சீமாட்டி. அதையும் களிப்புடனேயே சொல்கிறாள்! அவ்வாண்டு செப்ரெம்பரிற் போர் மூண்டது. மறு ஆண்டு யூனில் பிரான்சு வீழ்ந்தது. 1941 மார்ச்சில் இலண்டன் ‘கபே டி பரி’ மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்தோர்மீது குண்டு வீழ்ந்து, முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1951 இல் அதே மண்டபத்துக்குத் தம் பாட்டுக்களைப் பாடக் கவார்ட் வந்தார். கேட்பதற்குச் செல்வர் மீண்டும் நிறைந்திருந்தனர்.